மலையை உடைப்பவர் சொல்லவேண்டிய மறுமொழி

கிந்தாப் பள்ளத்தாக்கில் ஏதேனும் ஒரு குன்றை உடைத்துக் கல்லெடுக்க ஒரு நிறுவனம் அனுமதி கோரியிருக்கிறது என்ற செய்தி பரவியதும், சுற்றிலும் வாழும் ஜனங்கள் கோயில் மண்டபத்திலே கூடிப் பேசுவதும், கையொப்பம் திரட்டி மகஜர் தயாரிப்பதும், அதன்பின் நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர் வந்து வேலைவாய்ப்பைப் பற்றியும் அபிவிருத்தியைப் பற்றியும் இனிமையாகப் பேசிவிட்டுப் போவதும் பேராக் மாநிலத்துக்குப் புதியவை அல்ல. அந்தப் பிரதிநிதி சொல்வது பொய் என்று நான் கருதவில்லை. கல்லுடைக்கும் இடத்தில் சிலருக்கு வேலை கிடைக்கத்தான் செய்யும். ஆனால் வீட்டுக்குள் தூசி வருமா என்று கேட்ட தாய்க்கு, உன் மகனுக்கு வேலை வரும் என்று சொல்வது பதில் ஆகாது. கேட்ட கேள்விக்கு நேரான மறுமொழி, எழுத்து மூலமாக, அளவுகளோடு, சொன்ன சொல் தவறினால் என்ன பரிகாரம் என்ற உத்தரவாதத்தோடு, அனுமதி வழங்கப்படுவதற்கு முன்னதாகவே கொடுக்கப்பட வேண்டும் என்பதே இங்கு நான் வற்புறுத்த விரும்புவது.

கல்லே வேண்டாம் என்று சொல்லும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை. நாம் குடியிருக்கும் வீடும், பிள்ளைகள் படிக்கும் பள்ளியும், ஈப்போவிலிருந்து தலைநகருக்கு நாம் பிரயாணம் செய்யும் நெடுஞ்சாலையும் எங்கோ ஒரு மலையின் உடம்பிலிருந்து எடுத்தவைதாம். ஆயினும் எந்தக் கல், எதற்காக, எங்கிருந்து என்ற விசாரணை அவசியமாகிறது. கிந்தாவின் பூமி அமைப்பைச் சற்றே கவனித்தால், கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடரும் மேற்கே கிளேடாங் மலைத்தொடரும் கருங்கல்லால் ஆனவை என்பதும், இரண்டுக்கும் நடுவே கிடக்கும் சமவெளியின் அடித்தளம் சுண்ணக்கல் என்பதும், அந்தச் சுண்ணக்கல்லின் எஞ்சிய பாகங்களே குனோங் ராப்பாட், குனோங் லாங், குனோங் செரோ என்று செங்குத்தாக எழுந்து நிற்கும் குன்றுகள் என்பதும் விளங்கும். சாலைக்கும் கான்கிரீட்டுக்கும் வேண்டிய சரளையைக் கருங்கல்லிலிருந்து பெறலாம். சுண்ணக்கல்லோ சிமெண்டுக்குப் போகிறது. மேலும், இப்பகுதிச் சுண்ணக்கல் மிகவும் தூய்மையானது என்ற காரணத்தால், வெண்பொடியாக அரைக்கப்பட்டுச் சாயத்துக்கும் காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் பற்பசைக்கும் போகிறது. ஆகவே, உங்களுக்குச் சாலை வேண்டாமா என்று ஊராரை மடக்க முயல்பவர்கள், தாங்கள் எடுக்கப்போகும் கல் சாலைக்குத்தானா என்பதை முதலில் தெளிவுபடுத்துவது நியாயம்.

இந்தப் பள்ளத்தாக்கின் ஜனங்களுக்குச் சந்தேகம் பிறப்பதற்குச் சரித்திரமே காரணம். ஒரு காலத்தில் உலகத்தின் ஈயத்தில் பெரும்பங்கு இந்த மண்ணிலிருந்து போயிற்று. குழாயில் வேகமாகப் பீய்ச்சிய நீரால் நிலத்தை இடித்து, சேறும் மணலும் சரளையுமாய்க் கலந்து வந்ததைப் பம்பு வைத்து உயரத்துக்கு ஏற்றி, பாலோங் என்ற நீண்ட சரிவுகளில் ஓடவிட்டு ஈயத்தைப் பிரித்தெடுத்த லம்பங்கள் என்னும் சுரங்கங்கள் கம்பார் முதல் செமோர் வரையிலும் இருந்தன. 1985 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நின்றுபோனதும், விலை சரிந்து, லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. லாபம் பெற்றவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். குட்டைகளும் பயிர் ஏறாத வெண்மணல் மேடுகளும் பத்து காஜா, தஞ்சோங் துவாலாங் வட்டாரங்களில் இன்றும் கிடக்கின்றன. அந்தக் குட்டைகளில் மீனும் இறாலும் வளர்த்து ஜீவனம் தேடிக்கொண்டது பின்னால் வந்தவர்களின் உழைப்பு. தோண்டியவர்கள் செய்துவிட்டுப் போன ஏற்பாடு என்று எவரும் சொல்ல முடியாது. இதைக் கண்ணால் கண்ட தலைமுறை, வேலை முடிந்ததும் நிலத்தைச் சீர்செய்து தருவோம் என்ற வாக்குறுதியைக் கேட்டவுடன் நம்பிவிட வேண்டுமென்று எதிர்பார்ப்பது எப்படி?

1973 அக்டோபர் 18-ஆம் தேதி நடந்ததை ஈப்போ தமிழர்கள் மறக்கலாகாது. குனோங் செரோவின் பக்கவாட்டிலிருந்து பிரம்மாண்டமான பாறைப் பாளம் ஒன்று பெயர்ந்து, அடிவாரத்தில் இருந்த வரிசை வீட்டின்மீது விழுந்தது. சுமார் 40 பேர் மாண்டார்கள். கொட்டிலில் கட்டியிருந்த மாடுகளும் மாண்டன. தைப்பூசத்தன்று காவடிகள் போய்ச் சேரும் கல்லுமலை சுப்பிரமணியர் கோயில் இருக்கும் அதே குன்றுதான் அது. பாறை தானாகவே பெயர்ந்தது. கல்லுடைத்ததன் விளைவென்று சொல்வது உண்மைக்கு மாறானது. ஆனால் மழைநீர் நூறாயிரம் ஆண்டுகளாக அரித்து அரித்து உள்ளே குகையும் பிளவுமாய் ஆக்கிவைத்த சுண்ணக்குன்று, மனிதன் கைவைக்காதபோதே இவ்வளவு நிலையற்றது என்றால், அதன் அருகில் வெடி வைக்க வேண்டும் என்பவர் எத்தனை முன்யோசனையோடு வரவேண்டும்? 2022 மார்ச்சில் சிம்பாங் பூலாய் வட்டாரத்துக் கல்லுடைப்புத் தலம் ஒன்றில் பாறை சரிந்து இரு தொழிலாளர்கள் உயிரிழந்ததையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. ஆபத்து ஊராருக்கு மட்டும் உரியதல்ல. வேலை கிடைக்கும் என்று சொல்லி அழைக்கப்பட்டவனுக்கும் உரியது.

இனி, ஆட்சேபம் சொல்பவர்கள் யார் என்று பார்ப்போம். முன்னாள் ரப்பர்த் தோட்டங்களை ஒட்டி வாழும் நம்மவர் நிலை இதில் தனியானது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெருந்தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கும் தோட்டத் துண்டாடல் என்ற சூறை வீசியபோது, லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் சேர்த்து, விற்பனைக்கு வந்த தோட்டங்களைச் சங்கத்தின் பெயரில் வாங்கச் செய்தது, நிலத்தில் உரிமை இல்லாதவனுடைய பேச்சு எங்கும் ஏறாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்த காரணத்தால்தான். அந்தச் சங்கத்தின் நிழல் எட்டாத தோட்டங்களே அதிகம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. நிலம் கை மாறிக்கொண்டே இருந்தது. மாரியம்மன் கோயிலும், மூன்று தலைமுறைகளின் சுடுகாடும், பழைய லயத்தில் சில வயோதிகர்களும் மாத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கிராண்ட் என்ற நிலப் பத்திரம் இல்லை.

கிராண்ட் இல்லாததால் நேரும் கஷ்டம் வெறும் மனக்குறை அன்று, சட்டத்தின் அமைப்பிலேயே இருப்பது. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டம், ஸ்தலத் திட்டம் வகுக்கப்படாத இடங்களில் அபிவிருத்தி விண்ணப்பம் வரும்போது, அண்டை நிலங்களின் உடைமையாளர்களுக்கு அறிவித்து அவர்களுடைய ஆட்சேபத்தைக் கேட்கச் சொல்கிறது. உடைமையாளர் கோலாலம்பூரில் இருக்கும் ஒரு கம்பெனியாகவும், அங்கே வசிப்பவர் உடைமையில்லாத முன்னாள் தொழிலாளியாகவும் இருந்தால், கடிதம் யாருக்குப் போகும், தூசி யாருக்குப் போகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டுக் கட்டளை, குடியிருப்புக்கு மூன்று கிலோமீட்டருக்குள் கல்லுடைக்க வேண்டுமானால் மதிப்பீட்டு அறிக்கை அவசியம் என்று வகுத்தது. பின்னர் 2015-இல் அதற்குப் பதிலாகப் புதிய கட்டளை வந்தது. விதி நல்ல விதிதான். ஆனால் மத்திய அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் இலாகா அறிக்கையைப் பரிசீலிக்கிறது. நிலமும் கல்லும் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கின்றன. ஆட்சேபம் சொல்லப் போகும் சாமானிய மனிதர், ஈப்போவில் ஓர் இலாகாவிலிருந்து இன்னோர் இலாகாவுக்கு அனுப்பப்படுவதற்கு இந்தப் பிரிவினையே காரணம். அறிக்கையோ மலாயிலும் ஆங்கிலத்திலும் நூற்றுக்கணக்கான பக்கங்களாக இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று பால்மரம் வெட்டப்போன ஒரு பெண்மணி அதை எந்த விதத்தில் படித்துக் கருத்துச் சொல்வார்?

அவர் கருத்து என்னவென்று காதுகொடுத்துக் கேட்டால், பெரும்பாலும் அது நுட்பமாகவே இருக்கும். வெடி வைக்கும்போது தகரக் கூரை கிடுகிடுக்கிறது, சுவரில் மயிரிழைபோல் இருந்த விரிசலில் இப்போது விரல்நகம் நுழைகிறது என்பார். நிறுவனத்தார் அந்த விரிசல் முன்னமே இருந்தது என்பார்கள். இருவரில் யார் சொல்வது மெய் என்பதைத் தீர்ப்பது மிகவும் எளிது: முதல் வெடிக்கு முன்பாகவே சுற்றுவட்டாரத்து வீடுகள், கோயில், பள்ளி எல்லாவற்றையும் சுவர் சுவராகப் படம்பிடித்து, விரிசலை அளந்து, தேதியிட்டு, ஒரு பிரதியை வீட்டுக்காரரிடமும் ஒரு பிரதியை இலாகாவிடமும் கொடுத்துவிட்டால் விவகாரத்துக்கே இடமில்லை. தொழில்நுட்பம் அறிந்தவர்கள் இதைப் புதிதென்று சொல்லமாட்டார்கள். நல்ல நிறுவனங்கள் செய்துவருவதே. செய்யாதவர்கள் செய்யாமலிருப்பதற்கு, பின்னால் மறுப்பதற்கு வசதியாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. தூசியும் அப்படியே. கருங்கல்லை உடைக்கும்போது எழும் தூசியில் படிகக்கல்லின் நுண்துகள் கலந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி துளசி இலையிலும் கொடியில் காயும் துணியிலும் படிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாத துகளோ நுரையீரலின் அடிவரை சென்று தங்கி, வருஷக்கணக்கில் அங்கே வேலை செய்பவர்களுக்கு மூச்சடைப்பு நோயைத் தருகிறது. தூசியை அளக்கும் கருவியை எங்கே வைப்பது, எந்த வேளையில் வைப்பது என்பதை ஊராரைக் கேட்டு நிர்ணயிப்பதில் என்ன நஷ்டம்? லோரிகள் விடியற்காலையில் ஓடுகின்றன என்று ஜனங்கள் முறையிடும்போது, நடுப்பகலில் எடுத்த அளவைக் காட்டி எல்லாம் சரியாக இருக்கிறது என்பது, முறையிட்டவரை அவமதிப்பதே ஆகும்.

ஆட்சேபத்தை அவமதித்ததால் வந்த நஷ்டத்துக்கு ஈப்போவுக்கு அருகிலேயே பெரியதொரு சாட்சியம் இருக்கிறது. ஈய லம்பங்களின் கழிவான அமாங்கிலிருந்து கிடைக்கும் மோனசைட் என்ற தாதுவைக் கொண்டு அரிய மண் உலோகங்களைப் பிரித்தெடுக்க, ஜப்பானிய மிட்சுபிஷி கெமிக்கல் நிறுவனத்தின் கூட்டுறவோடு ஏசியன் ரேர் எர்த் என்ற தொழிற்சாலை 1982-இல் புக்கிட் மேராவில் வேலையைத் தொடங்கியது. கதிரியக்கமுள்ள தோரியக் கழிவைப் பாப்பானில் குழிகள் வெட்டிப் புதைக்க ஏற்பாடாயிற்று. பாப்பான் ஜனங்கள் ஆட்சேபித்தார்கள். அச்சம் அறியாமையால் வந்தது என்று சொல்லப்பட்டது. பிறகு 1984-இல் சர்வதேச அணுசக்தி அமைப்பின் நிபுணர்கள் வந்து பார்த்து, அக்குழிகள் பாதுகாப்பானவை அல்ல என்றே அபிப்பிராயம் தெரிவித்தார்கள். 1985 ஜனவரியில் அரசாங்கம் இடத்தை மாற்றத் தீர்மானித்தது. படிக்காத ஜனங்கள் என்று கருதப்பட்டவர்களுடைய சந்தேகத்தை நிபுணர்களே மெய்ப்பித்த சம்பவம் அது.

புக்கிட் மேரா வாசிகள் எட்டுப் பேர் தொழிற்சாலைக்கு எதிராக 1985 பிப்ரவரியில் ஈப்போ உயர்நீதிமன்றத்தை நாடினார்கள். விசாரணை 1987 செப்டம்பரில் தொடங்கியது. அடுத்த மாதமே லாலாங் நடவடிக்கை என்ற பெயரில் அரசாங்கம் நாடெங்கும் நடத்திய கைதுகளில், தொழிற்சாலையை எதிர்த்த இயக்கத்தவர் சிலரும் அகப்பட்டார்கள். 1992 ஜூலை 11-ஆம் தேதி நீதிபதி பே சுவீ சின் ஜனங்களின் பக்கம் தீர்ப்பளித்தார். அதற்கு முந்திய மாதம்தான் ரியோ நகரில் கூடிய உலக நாடுகள், சுற்றுச்சூழல் விவகாரங்களில் சம்பந்தப்பட்ட ஜனங்களின் பங்கேற்பும் தகவலறியும் வசதியும் இருக்க வேண்டுமென்று பிரகடனம் செய்திருந்தன. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது; சட்டப்படி ஜெயித்தது நிறுவனம். ஆனால் ஜெயித்த நிறுவனம் அடுத்த மாதமே, 1994 ஜனவரியில், தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தது. பின்னர் அங்கிருந்த கழிவைத் தோண்டியெடுத்து கிளேடாங் மலைப்பகுதியில் பத்திரப்படுத்த நிறுவனம் பெருஞ்செலவு செய்ய நேர்ந்தது. முதலிலேயே ஊராரை அழைத்து, கழிவு எங்கே போகும் என்ற ஒரே கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருந்தால், ஒன்று தொழிற்சாலை அங்கே வந்திராது, அல்லது அந்தச் செலவு வந்திராது. குழந்தைகளின் ஆரோக்கியத்தைப் பற்றித் தாய்மார்கள் பட்ட வேதனைக்கோ கணக்கில்லை.

அங்கே இருந்தது கதிரியக்கம், இங்கே இருப்பது வெறும் கல் என்று சிலர் சொல்லக்கூடும். இரண்டின் அபாயமும் ஒன்றென்று நான் வாதிக்கவில்லை. ஆட்சேபத்தை நடத்தும் முறை ஒன்றாகவே இருக்கிறது என்கிறேன். செமோருக்கு அருகே குனோங் காந்தானில் பல பத்தாண்டுகளாகச் சிமெண்டுக்குக் கல்லெடுத்துவருகிறார்கள். அக்குன்றின் குகையில் தியானம் செய்துவந்த பௌத்த மடாலயத்தாருக்கும் நிறுவனத்துக்கும் எழுந்த விவகாரம் நீதிமன்றம் வரையில் போயிற்று. அதே குன்றில் வேறெங்கும் கண்டறியப்படாத ஒரு வகைச் சிலந்தியும், 2014-இல் விவரிக்கப்பட்ட ஒரு பல்லியும், அதே ஆண்டில் விவரிக்கப்பட்ட ஒரு சிறு நத்தையும் இருப்பதை விஞ்ஞானிகள் எழுதினார்கள். நத்தைக்கு, அன்று குன்றை உடைத்துக்கொண்டிருந்த லபார்ஜ் நிறுவனத்தின் பெயரையே வைத்தார்கள். அந்த உயிரினத்தின் வாழ்வும் அழிவும் யார் பொறுப்பு என்பதை உலகம் மறவாதிருக்க அதைவிடச் சிறந்த உபாயம் இல்லை. 2018-இல் கிந்தாப் பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. புவிப்பூங்கா என்று பெயர்ப்பலகை நாட்டிவிட்டு, அப்பூங்காவின் பெருமைக்கே காரணமான குன்றுகளில் எவை நிற்கும், எவை போகும் என்ற பட்டியலைப் பகிரங்கமாக வெளியிடாமல், விண்ணப்பம் வரவர ஒவ்வொன்றாக முடிவுசெய்வது பொருத்தமாகத் தோன்றவில்லை.

தாயகத்திலிருந்து ஒரு செய்தியும் நமக்கு உபயோகப்படும். மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் 2024 நவம்பரில் முடிவானபோது, 2022-லேயே பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்த அரிட்டாபட்டியும் அந்த எல்லைக்குள் அடங்கியிருந்தது. கிராமத்தார் கிராம சபைகளில் தீர்மானம் நிறைவேற்றினார்கள். டிசம்பரில் தமிழகச் சட்டசபையும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் மேலூரிலிருந்து மதுரைக்கு ஊர்வலமாக வந்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது. அவர்களுக்கு அனுகூலமாக இருந்தது கூட்டத்தின் பெருக்கம் மாத்திரமன்று. கிராம சபை என்ற, சட்டம் அங்கீகரித்த ஒரு மன்றம் அவர்களுக்கு இருந்தது. பட்டா உள்ளவனும் இல்லாதவனும் வாக்காளன் என்ற ஒரே தகுதியில் அங்கே கையுயர்த்தலாம். நம் தோட்டப்புறத்தில் அத்தகைய மன்றம் ஒன்றுமில்லை.

ஆகையால் பேராக் மாநில ஆட்சிக்குழுவும் மந்திரி பெசாரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். கல்லெடுக்கும் அனுமதியை அளிப்பதற்கு முன், அந்த இடத்தைச் சுற்றி வசிக்கும் எல்லாரையும், நிலம் யார் பெயரில் இருந்தாலும், பாதிக்கப்படுவோர் என்று ஏற்று, அவர்கள் பேசும் பாஷையில் விளக்கக் கூட்டம் நடத்தி, அவர்கள் கேட்ட கேள்வியையும் நிறுவனம் சொன்ன பதிலையும் அருகருகே அச்சிட்டு, அந்தப் பதில்களை அனுமதியின் நிபந்தனைகளாகவே சேர்த்துவிட வேண்டும். வெடி வைக்கும் நேரம் இன்னது, லோரி ஓடும் நேரம் இன்னது, நீர்மட்டம் இவ்வளவுக்குக் கீழே போனால் வேலையை நிறுத்துவது, வேலை முடிந்த பின் நிலத்தைச் சீர்செய்ய முன்கூட்டியே இவ்வளவு பணம் சர்க்காரிடம் கட்டிவைப்பது என்று எழுதிய பின் எவருக்கும் மயக்கம் இருக்காது. நேர்மையாகத் தொழில் செய்ய விரும்பும் நிறுவனத்துக்கு இது பாரமாகாது. பாரம் என்று சொல்லும் நிறுவனத்துக்கு அனுமதி மறுப்பதே சரி.

கோயிலுக்கு நன்கொடை கொடுத்து வாயடைக்கும் வழக்கத்தையும் நாம் ஒழிக்க வேண்டும். கும்பாபிஷேகத்துக்குப் பணம் தந்த நிறுவனத்தின்மேல் புகார் சொல்ல ஆலய நிர்வாகத்தார் தயங்குவார்கள் என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். அனுமதி விசாரணையில் இருக்கும் காலத்தில் எந்தக் கோயிலும், எந்தப் பள்ளியின் பெற்றோர் சங்கமும் அப்படிப்பட்ட பணத்தைத் தொடலாகாது. ஆட்சேபிப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கேள்விப்பட்டதையெல்லாம் மகஜரில் ஏற்றி, நடக்காததையும் நடந்ததாக எழுதினால், நடந்தது நம்பப்படாமல் போகும். இன்ன தேதி, இன்ன மணிக்கு வெடி வைத்தார்கள், இன்ன சுவரில் விரிசல் கண்டது, கிணற்றில் தண்ணீர் இத்தனை முழம் இறங்கியது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருவது, நூறு பேர் கூடிக் கூச்சலிடுவதைவிட விசாரணை மேஜையில் கனமாக நிற்கும். நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும், ஓய்வுபெற்ற கிராணிமார்களும், சட்டம் படிக்கும் பிள்ளைகளும் இந்தப் பணியில் தோட்டத்து வயோதிகர்களுக்குத் துணையாக வேண்டும்.

உங்கள் வட்டாரத்தில் அடுத்த அறிவிப்பு ஒட்டப்படும்போது, இலாகா எது என்று கேட்டறிந்து, குறிப்பிட்ட கெடுவுக்குள், உங்கள் பெயரையும் நீங்கள் அங்கே எத்தனை வருஷமாக வசிக்கிறீர்கள் என்பதையும் எழுதி, உங்கள் கேள்விகளை மலாயிலும் தமிழிலுமாக அனுப்பிவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.